மூன்று சுற்று

ஆள் உயரத்துக்கு மேல் நின்ற இரும்பு முக்காலி, அதன் உச்சிக் கப்பியிலிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிய கனத்த உளி: திருப்பதியில் ஒரு லாட்ஜுக்கு அஸ்திவாரம் போட்ட நாட்களை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அதுதான். எழுபத்தேழா, எழுபத்தெட்டா என்று எனக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. பிரம்மோற்சவம் முடிந்து, மழை பிடிக்கும் முன்பு என்பது மட்டும் நிச்சயம். நான் அங்கே ஓவர்சியர். எங்கள் இன்ஜினியர் சித்தூர்க்காரர், பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம்.

மனை குறுகலானது. யாத்ரீகர்களின் மூட்டைமுடிச்சுகளை வைக்கப் பூமிக்கடியில் ஒரு தளம் வேண்டும் என்றார் முதலாளி. அந்த உளியைத் தூக்கித் தூக்கிப் போட்டு எல்லை நெடுக நெருக்கமாகத் துளையிட்டு, கம்பிக்கூடு இறக்கி, மண்ணுக்குள்ளேயே கான்கிரீட் தூண்களை வார்த்த பிறகுதான் நடுவில் தோண்ட முடியும். கிழக்கே ஒட்டினாற்போல் மெஸ் நடத்தும் அம்மா ஒருவரின் வீடு. பழைய சுண்ணாம்புச் சுவர்; அஸ்திவாரம் முழங்கால் ஆழம்கூட இராது. அடியில் மண் இளகினால் வீடும் போகும், அவருடைய பிழைப்பும் போகும்.

ஈசானிய மூலையில் பூஜை போட்ட முதலாளி, அங்கிருந்து வலமாக ஒன்றையடுத்து ஒன்றாகத் துளை போகவேண்டும் என்று நின்றார். அப்படிப் போனால் இறுகாத தூணுக்குப் பக்கத்திலேயே மண் குலையும், சுவரடி நெடுகிலும் இளகிவிடும். இடைவெளி விட்டு விட்டுத்தான் துளை போடவேண்டும் என்றார் இன்ஜினியர்.

"உட்டு உட்டுப் போனா பிரதட்சிணம் எப்டி சார் ஆவும்? நீங்க சர்ச்சுக்குப் போறவரு, உங்களுக்கு இது தெரியாது" என்றார் முதலாளி.

இன்ஜினியருக்குக் கோபம் வரவில்லை. "ஒரே சுத்தோட நிறுத்திக்கினா சாமிக்குக் குறைச்சலா இருக்காதா சார்? மூணு சுத்து வருவோம். ஒவ்வொரு சுத்துலயும் ஒண்ணு போட்டு ரெண்டு உடுவோம். மூணாவது சுத்துல பாக்கி எதுவும் இருக்காது."

முதலாளி யோசித்தார். "மூணுன்னா விசேஷந்தான்" என்றார். மண்ணுக்கு வேண்டிய வரிசையும் அவருக்கு வேண்டிய வரிசையும் ஒன்றாகிவிட்டன. யாரையும் தோற்கடிக்காமல் இவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

சுவரோரத் துளைகளில் மலையடிவாரத்து உருண்டைக் கற்கள் குறுக்கிட்டன. உளி விழ விழத் தரை அதிர்ந்தது. மெஸ் அம்மாவைக் கொஞ்ச நாள் வேறிடம் போகச் சொன்னோம். "அடுப்ப அணைச்சுட்டு எங்க போறது? மத்தியானம் துன்ன வர்றவங்களுக்கு நீயா ஆக்கிப் போடுவ?" என்றார் அந்த அம்மா என்னிடம்.

இன்ஜினியர் அந்த அம்மாவின் வீட்டுக்குள் போய், அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா நைனா, வேலைய உட்டுட்டு இங்க குந்திக்கினு கீற?"

"இதாம்மா வேலை. அதிர்ச்சி ஜாஸ்தியானா முதுகுக்குத் தெரியும்."

"சுவரு வுழுந்தா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். முதுகில் அதிர்வு கூடும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கை நீட்டுவார். நான் உளியைத் தாழ்வாகத் தூக்கிப் போடச் சொல்வேன். மூன்று சுற்றும் முடியும்வரை, சுவரோரம் வேலை நடந்த நாட்களிலெல்லாம் அவர் உட்கார்ந்த இடம் அதுதான். இன்று லாரியில் வந்திறங்கும் இயந்திரங்களில் எல்லாவற்றையும் அளக்கக் கருவி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குள் போய் உட்காருகிறவர் இருக்கிறாரா, தெரியவில்லை.

நடுமண் முழுவதையும் எடுத்த அன்று நான் பள்ளத்தில் நின்றிருந்தேன். சுவருக்கு அந்தப்புறம் 'டொக் டொக்' என்று சத்தம். பதறி ஏறி ஓடினேன். அந்த அம்மா அம்மிக் குழவியால் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார், காலண்டர் மாட்ட.