மிதித்தால் இழுக்காத வண்டி

"எப்பவாவது வருது" என்று சொல்லிக்கொண்டு வரும் கோளாறைப் போல மெக்கானிக்கின் உயிரை வாங்குவது வேறெதுவும் கிடையாது. அடியோடு நின்றுபோன வண்டியை எப்படியும் ஓட வைத்துவிடலாம். நம்மிடம் வரும்போது நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு, ரோட்டில் தனியாகப் போகும்போது காலை வாரிவிடுகிற வண்டியை என்ன செய்வது? நத்தம் ரோட்டில் இருக்கும் என் பட்டறை வாசலில் பெருமாள்சாமி அண்ணன் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அதுவும் நல்ல பிள்ளையாகத்தான் நின்றது.

இறங்கி வந்தவர் சரி பண்ணச் சொல்லவில்லை. என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொன்னால் போதும் என்றார். முகத்தில் தாடி மண்டியிருந்தது. அவர் மனைவி சோலையம்மாள் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அண்ணனுக்குச் சாணார்பட்டிப் பக்கம் ஊர். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகையும் காய்கறியும் ஏற்றி வந்து திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்குவதுதான் அவர் பிழைப்பு. ஒரே மகள் தமிழ்மதி பத்தாவது படிக்கும்போது இந்த வண்டியைப் பழையதாக வாங்கினார். அன்றைக்கே வண்டியின் நெற்றியில் மகள் பெயரை எழுதினார். மழையில் வெயிலில் வண்டியின் மற்ற பெயிண்டெல்லாம் வெளுத்தாலும் அந்தப் பெயரை மட்டும் வெளுக்க விடமாட்டார். ஆயில் மாற்ற நான் சொன்ன கணக்குக்கு முன்பாகவே வந்து நிற்பார். "ஏண்ணே, வண்டிய இந்தத் தொடை தொடைக்கிறீங்க, மாப்பிள்ளை அழைப்புக்கா போறீங்க?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் துடைப்பார். தமிழ்மதியைச் சித்தையன்கோட்டையில் கட்டிக் கொடுத்தபோது சீர்வரிசை போனதும் இந்த வண்டியில்தான்.

டீசல் விஷயத்தில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தோட்டத்தில் மருந்தடிக்கிற இன்ஜினுக்கும் வேண்டும் என்று கேனில் வாங்கி வைத்திருப்பார். வண்டிக்கு அதிலிருந்துதான் ஊற்றுவார். டேங்க் வாயில் இருந்த சல்லடை எப்போதோ உடைந்துவிட்டது. அதனால் புனலில் துணியை விரித்து வடிகட்டாமல் ஒரு சொட்டுகூட உள்ளே விடமாட்டார். துணி சோலையம்மாளின் பழைய சேலையில் கிழித்ததாக இருக்கும். அண்ணன் கேனைச் சாய்க்க, வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் புனலையும் துணியையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இறந்த அன்றைக்குக் காலையில் சோலையம்மாளுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். அது வேறொரு கேசுக்குப் போயிருந்தது. "நம்ம வண்டி இருக்குல்ல, வாங்க போவோம்" என்று அந்த அம்மாவே எழுந்து நடந்து வந்து முன்சீட்டில் உட்கார்ந்ததாம். ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் வண்டி இழுக்கவில்லை. மிதிக்க மிதிக்க இன்ஜின் சொங்கிப் போய் நின்றுவிட்டது. செத்த நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போல உறுமியது. மறுபடி மிதித்தார், மறுபடி நின்றது. அப்படியே நின்று நின்றுதான் திண்டுக்கல் வந்தார்கள். வழியில் மறித்த வண்டிகளில் ஒன்றும் நிற்கவில்லை.

தகவல் கேட்டுப் புருஷனோடு பைக்கில் வந்த தமிழ்மதி, அவர்களுக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தாள். அம்மாவை இறக்கும்போது மூச்சு இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தனை பேர் பார்க்க அவள் அப்பாவிடம் கேட்டாள்: "மார்க்கெட்டுக்கு மட்டும் ஓடுற வண்டி எங்கம்மாவுக்கு ஓடாதாப்பா?"

கருமாதி முடிந்து போனவள் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. இவர் போன் போட்டால் எடுப்பதில்லை. பேத்தியின் குரலைக்கூடக் கேட்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் பாக்காம விட்டது எதுவும் இருந்தாச் சொல்லு. இல்லேன்னாலும் சொல்லு. மதிக்கு நான் ஒரு பதில் சொல்லணும்."

பார்த்தேன். காற்று பில்டர் சுத்தமாக இருந்தது. டீசல் பில்டரைக் கழற்றினால் புத்தம் புதுசு. ஆவணியில் ஒரு தரம் தக்காளிப் பாரத்தோடு இதேபோலத் திணறியதாம், அன்றைக்கே மாற்றிவிட்டாராம். அப்புறம் சரியாக ஓடியதால் அதோடு தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார். குழாய்களில் காற்று வாங்கவில்லை. பம்பிலும் குறை தெரியவில்லை. ரோட்டு நெரிசலில் அழுத்தி மிதிக்க வழியில்லாமல், காலியாகக் காந்திகிராமம் வரை ஓட்டிப் போய் வந்தேன், சனியன் பிடித்தது ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை.

மறுநாள் தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இருவரும் சிறுமலை ரோட்டுக்குப் போனோம். ஏற்றத்தில் அழுத்தி மிதித்ததும் இன்ஜின் தொய்ந்தது, நின்றது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டை, அதாவது நான் உட்கார்ந்திருந்த சீட்டை, அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் இறங்கி, கொண்டுபோயிருந்த கேனிலிருந்து தனியாக ஒரு குழாய் விட்டு நேராக பில்டரில் மாட்டினேன். டேங்க்குக்கு வேலையில்லாமல் செய்துவிட்டு ஓட்டச் சொன்னேன். அதே ஏற்றத்தில் அதே பாரத்தோடு வண்டி கும்மென்று ஏறியது. அப்படியானால் வினை டேங்க்குக்குள்தான் இருக்கிறது.

பட்டறைக்கு வந்து டேங்க்கை இறக்கினோம். மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். டீசலுக்குள் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியை வளைத்து விட்டு இழுத்தேன். சொதசொதவென்று ஒரு துணி வந்தது. சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக் கிழிசல். கறுத்துப் போயிருந்தாலும் புள்ளிகள் தெரிந்தன. வண்டி வேகம் எடுத்தால் டீசல் வேகமாக இழுபடும், அப்போது இந்தத் துணி போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றால் விட்டு விழுந்துவிடும். மார்க்கெட்டுக்கு அண்ணன் நிதானமாகவே ஓட்டுவதால் தினமும் இது தெரியவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டு போயிருந்தால் நிற்காமலே போய்ச் சேர்ந்திருப்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நான் அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். ஆடியில் தமிழ்மதி ஊருக்கு வந்திருந்தபோது டீசல் ஊற்றினார்களாம். புனலைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள். இவர் அடுத்த கேனை எடுக்கப் போயிருந்தபோது, உள்ளே குழந்தை அழுதது என்று புனலை டேங்க் வாயில் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் துணியைக் காணோம். ஆடிக் காற்று அடித்த அடியில் பறந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள், புனல் வழியே உள்ளே நழுவியிருக்கும் என்று தோன்றவில்லை. வேலி ஓரமெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, அவளே உள்ளே போய் வேறொரு துணி கிழித்து வந்தாளாம்.

எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. இந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் இல்லை. உடனே மகளைக் கூப்பிட்டு விவரத்தைச் சொல்லுங்கள் என்றேன். அவர் துணியைப் பிழிந்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். டீசல் சட்டையில் ஊறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"பில்டரு அடச்சிருந்துச்சு, நான் மாத்தாம விட்டுட்டேன்னு சொல்லிரு தம்பி. யாரு கேட்டாலும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செய்யாத தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மகளும் இல்லாமல் பேத்தியும் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவீர்கள் என்று சத்தம் போட்டேன். அவளும் தெரிந்தா செய்தாள், சொன்னால் புரிந்துகொள்ள மாட்டாளா என்றேன். நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"என் மேல உள்ள கோவம் அதுக்கு என்னைக்காச்சும் ஆறும். இது தெரிஞ்சா ஆறாது தம்பி."

டேங்க்கைக் கழுவி மாட்டினேன். வாய்க்குப் புதுச் சல்லடை ஒன்றும் போட்டுக் கொடுத்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் தமிழ்மதி பட்டறைக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையாக அப்பாவோடு வந்து என் ஸ்பேனர்களையெல்லாம் கலைத்துப் போட்டு விளையாடியவள், இன்றைக்கு நின்றபடியே கேட்டாள்.

"சித்தப்பா, வண்டில என்ன கோளாறு?"

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, உள்ளதைச் சொல்லி உலுக்கிவிடலாம் போலவும் இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. "பில்டரும்மா," என்றேன். "அடச்சுப் போயிருந்துச்சு. அண்ணன் கவனிக்கல."

"அத மட்டும் மாத்தியிருந்தா அம்மா பொழச்சிருக்கும்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா நன்றாக இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. வரேன் சித்தப்பா என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவள் போன பிறகு எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் வண்டியை என் வாசலில் ஓரங்கட்டினார். கீழே இறங்கவில்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"மதி வந்துச்சாம்ல?"

வந்ததையும் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"நம்புச்சா?"

"நம்பிருச்சுண்ணே."

"நல்லது தம்பி," என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார். வண்டி முழுப் பாரத்தோடு, மகள் பெயரை நெற்றியில் வைத்துக்கொண்டு, ஒரு இடத்தில்கூடத் திணறாமல் இழுத்துக்கொண்டு போனது.