மனசுக்கு இங்கிலீஷில் என்ன?

இந்தப் பத்திரிகைப் பத்தியில் வாராவாரம் என்னிடம் அடி வாங்குகிறவர் என் கணவர். இந்த வாரம் அவருக்கு விடுமுறை. இந்த வாரத்து ஆள் ஆரோக்கியம்.

ஆரோக்கியம் எங்களுக்குப் பக்கத்து அடுக்குமாடி பிளாக். ஞாயிறு சர்ச் பூசையில் எங்களுக்கு முன் பெஞ்சு. வேலை, துறைமுகத்தில் குடிநுழைவு அதிகாரி. கப்பலில் வருகிறவர், போகிறவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்துகிற கை அவருடையது.

போன மாதம் அவர் வீட்டில் விருந்து. கேசரிப் பாத்திரத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். திறந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு வந்தீங்க? எத்தனை நாள் தங்கப் போறீங்க?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி பிலோமினா ஓடி வந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா... போன வாரம் எங்கம்மாவையே இப்படிக் கேட்டுட்டாரு. அவங்க இன்னும் பேசல."

அதற்கும் சிரித்தேன். கடமை தவறாத அதிகாரி, வீட்டிலும் கவுண்டரைத் திறந்து வைத்திருக்கிறார் என்று கேலி வேறு செய்தேன். நான் கொஞ்சம் அவசரக்காரி. சிரிப்பும் சீக்கிரம், கோபமும் சீக்கிரம்.

போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸில் எனக்குப் போன்.

"அக்கா, ஆரோக்கியம் பேசுறேன். கொஞ்சம் ஹார்பர் வரைக்கும் வர முடியுமா? ஒரு ஆளோட வாழ்க்கை போயிரும்போல இருக்கு."

மேனேஜரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். (மேனேஜர் தமிழ் படிக்க மாட்டார். அந்த தைரியம்தான்.)

நடந்தது இதுதான். அன்று மாலை நாலு மணிக்கு மெட்ராஸ் கப்பல். ஆரோக்கியத்தின் கவுண்டருக்கு முத்தையா என்று ஒருவர் வந்திருக்கிறார். முப்பது வயது இருக்கும். புக்கிட் பாத்தோக்கில் எழும்பும் புது அடுக்குமாடி பிளாக்குகளில் கட்டட வேலை. வேலை பெர்மிட் இரண்டு வருஷம், ஆனால் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கூடவே கம்பெனி கிளார்க், கப்பல் ஏற்றிவிட.

"ஏன்பா, இவ்வளவு சீக்கிரம் போறே?" என்று ஆரோக்கியம் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார்.

"நான் போகல சார். அனுப்புறாங்க. மனசு சரியில்லன்னு சொன்னேன். பைத்தியம்னு எழுதிட்டாங்க."

முத்திரையைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டதாம்.

கிளார்க்கிடம் இருந்த கிளினிக் சீட்டை வாங்கிப் பார்த்தால் உண்மைதான். சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கிளினிக் டாக்டர் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். எப்படி வந்தது இந்த வினை? முத்தையாவுக்கு இங்கிலீஷ் வராது. கிளினிக்கில் மொழிபெயர்த்தவர் அந்தக் கிளார்க். சேகர் என்று பெயர். நம் ஆள்தான், இங்கேயே பிறந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். 'மனசு சரியில்ல' என்று முத்தையா சொன்னதை அவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார் – "மைண்ட் நாட் ரைட், டாக்டர்."

அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்தில் ஒரு நல்ல மனிதன் பைத்தியம் ஆகிவிட்டான்!

நான் போய்ச் சேர்ந்தபோது சேகரை நாலு வார்த்தை கேட்க நாக்கு துடித்தது. கேட்டும் விட்டேன். அவர் முகம் சுண்டிப் போனது. இந்த ஊர்ப் பேச்சு வழக்கில் ஒரு 'லா' வேறு போட்டுக் கேட்டார்.

"மனசுன்னா மைண்ட்தானே லா, அக்கா? வேற என்ன சொல்றது?"

உண்மையில், வேறு என்ன சொல்வது?

ஆரோக்கியம் மட்டும் சும்மா இல்லை. மேலதிகாரியிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். புத்தி சரியில்லாதவர் என்று எழுதப்பட்ட ஒரு பயணியை, துணை இல்லாமல் ஏழு நாள் கப்பலில் அனுப்பலாமா? மேலதிகாரி மலாய்க்காரர், ரூல் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். அனுப்பக் கூடாது என்றார். தனியாகப் பயணம் செய்யலாம் என்று மனநல டாக்டர் எழுதித் தந்தால்தான் முத்திரை. வேலை நீக்கத் தாள் முத்தையா கப்பல் ஏறிய பிறகுதான் பெர்மிட் ஆபீஸுக்குப் போகும். அதுவரை பெர்மிட் உயிரோடுதான் இருக்கிறது.

ஆரோக்கியம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, யூனிபார்மோடு எங்களுடன் டாக்சியில் ஏறினார். அவர் லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை. முத்திரை குத்துகிறவரே டாக்டரிடம் மொழிபெயர்க்கவும் கூடாது என்பதால்தான் என்னைக் கூப்பிட்டாராம்.

டாக்சியில் முத்தையாவிடம் மெதுவாகக் கேட்டேன். என்னப்பா ஆச்சு?

"எங்கூட தங்கியிருந்த ஆளு சாரத்திலேர்ந்து விழுந்து செத்துட்டாரு அக்கா. பக்கத்துலதான் நின்னேன். புடிக்கப் போனேன்... சட்டைதான் கையில பட்டுச்சு. அதுலேர்ந்து மேல ஏறுனா காலு நடுங்குது. ரெண்டு வாரம் கீழ வேல குடுங்கன்னு கேட்டேன். அவ்ளோதான் கேட்டேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போறதுகூட பரவாயில்ல அக்கா. பைத்தியம்னு திருப்பி அனுப்புனாங்கன்னு ஊருல தெரிஞ்சா, எந் தங்கச்சிய யாரு கட்டுவா? பைத்தியக்கார வூட்டுப் பொண்ணுன்னு அவ காலம் பூரா நிப்பா."

முன் சீட்டில் இருந்த சேகர் கிளினிக் சீட்டை எடுத்து மறுபடி மறுபடி படித்தார்.

ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. நடுத்தர வயது, அவசரமே இல்லாத முகம். சீட்டைப் படித்தார். முத்தையாவைப் பார்த்தார். என்ன செய்கிறது என்று என் மூலம் கேட்டார்.

"மனசு சரியில்ல," என்றார் முத்தையா மறுபடியும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. மனிதர் வேறு வார்த்தையே கற்றுக்கொள்ளவில்லை! ஆனால் அவருக்கு வேறு வார்த்தை எதற்கு? அது சரியான வார்த்தைதானே?

"டாக்டர், இதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. விளக்கப் போகிறேன்," என்றேன். "மனசு சரியில்லை என்பது எங்கள் வீடுகளில் தினமும் புழங்குகிற வார்த்தை. பஸ் போய்விட்டால் சொல்வோம். ஊரிலிருந்து கடுதாசி வராவிட்டால் சொல்வோம். சாவு வீட்டிலும் அதேதான் சொல்வோம். இன்று காலை நான்கூடச் சொன்னேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அப்படியானால் நிஜமாகவே புத்தி பேதலித்த ஒருவர் உங்கள் மொழியில் என்ன சொல்வார்?"

"அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் டாக்டர். ஊர்தான் சொல்லும்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு முத்தையாவை முக்கால் மணி நேரம் உட்கார்த்தி வைத்துப் பேசினார். தூக்கம், சாப்பாடு, அந்தச் சாரம், கையில் பட்ட அந்தச் சட்டை... முத்தையா எட்டு மாதத்தில் அவ்வளவு பேசியிருக்க மாட்டார். நடுவில் அழுதார். நானும்தான். மொழிபெயர்ப்பாளர் அழக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்ன?

கடைசியில் டாக்டர் தாளை இழுத்தார். துணை இல்லாமல் பயணம் செய்யத் தகுதி உள்ளவரா? "தாராளமாக," என்று சொல்லிக்கொண்டே எழுதப் போனவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏழு நாள் தனியாகக் கடல் கடக்கத் தகுதி உள்ளவர், இங்கேயே இருந்து வேலை பார்க்க மட்டும் தகுதி இல்லாதவரா?"

ஆஹா! அந்தக் கேள்விக்கு அவருக்கு ஒரு மாலை போட்டிருக்க வேண்டும்.

புதிதாக எழுதினார். புத்தி தெளிவாக இருக்கிறது. கண் முன்னால் நண்பனைப் பறிகொடுத்த துக்கம். இரண்டு வாரம் தரையில் வேலை. வாரம் ஒரு முறை இங்கே வந்து பேச வேண்டும். கையெழுத்து, முத்திரை – அவரிடமும் ஒரு முத்திரை இருந்தது!

சேகர் அந்தத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனை நோக்கி ஓடினார். முதலாளியிடம் அவர் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. "நோ பாஸ்! இவருக்கு ஒண்ணும் இல்ல, நான்தான் தப்பா சொல்லிட்டேன் லா! ஸ்பெஷலிஸ்ட் எழுதிட்டாங்க பாஸ்!" பத்து நிமிஷம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். "நாளையிலேர்ந்து சிமெண்ட் ஸ்டோர்ல வேலை. தரையிலதான்." முத்தையா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கிளம்ப எழுந்தோம். ஆரோக்கியம் மட்டும் சுவரோரம், தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். போகலாமா என்றேன். நகரவில்லை.

மனிதர் இங்கிலீஷில் புலி. ஆபீஸ் அறிக்கைகளை எல்லாம் அவர்தான் எழுதுவார். அன்று டாக்டரைப் பார்த்து, சுத்தத் தமிழில் சொன்னார்.

"எனக்கும்... மனசு சரியில்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷக்கணக்கில் அந்தக் கவுண்டரில் அழுகிற தாய்மார்களைப் பார்த்திருக்கிறார். திருப்பி அனுப்பியவர்களின் முகங்களைப் பார்த்திருக்கிறார். ஊருக்கே கேள்வி கேட்கிற அந்த ஆளை, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவராவது கேட்டிருப்போமா? நான் கேசரியும் கையுமாக நின்று சிரித்தேன். வெட்கமாக இருந்தது. இருக்கிறது.

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி என்னைத் தடுத்தார். அந்த மூன்று சொற்களுக்கு அவருக்கு இனி ஆள் தேவையில்லை. தானே எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நாங்கள் மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். முத்தையாவும் சேகரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆரோக்கியத்துக்காகக் காத்திருந்தோம். மணி நாலு அடித்தது.

மெட்ராஸ் கப்பலுக்கு அன்று ஒரு பயணி குறைவு. நமக்கு இரண்டு பேர் மிச்சம்!