பெயருக்குக் கீழே ஒரு வரி

மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி தேடி பீரோவைக் குடைந்தபோது அந்தப் புரூஃப் தாள் கிடைத்தது. அது இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்துடையது. பெண்ணின் தகப்பனார் பெயருக்குக் கீழே ‘கண்காணிப்பாளர், மத்திய அரசு அலுவலகம், கோவை’ என்று இருக்கிறது. முதல் சொல்லின் மேல் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைப் போட்டவன் நான். இருபது வருடம் ஓடிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தகப்பனார்தான் எங்கள் செக்‌ஷனுக்குச் சூப்பிரண்டு, அதாவது கண்காணிப்பாளர். வயதில் என்னைவிட மூத்தவர், சர்வீசில் நான்கு வருடம் இளையவர். பதவி உயர்வில் எத்தனையாவது இடம் யாருக்கு என்று சொல்லும் ரோஸ்டர் என்றொரு பெரிய பதிவேடு உண்டு. அதில் எட்டாவது இடம் பட்டியல் சாதியினருக்கு. அந்த இடம் அவருக்கு வந்தது. டீக்கடையில் நாங்கள் அவரை ‘எட்டாம் நெம்பர்’ என்றோம். முன்பிருந்த சூப்பிரண்டுகளை வாய் நிறைய ‘சார்’ என்ற நான், இவரை மட்டும் ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டேன். எங்கள் ஊர் மரியாதைக்குப் பேர் போனது; அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளவும் இடம் உண்டு.

எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம் என்னுடையது. ‘உனக்குப் பின்னால வந்தவனுக்குக் கீழயா?’ என்று பங்காளிகள் கேட்டார்கள். பதவி உயர்வில் இடஒதுக்கீடு செல்லாது என்று ஆறு பேர் சேர்ந்து தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. ராத்திரிச் சோறு போடும்போது மனைவி, “ஏனுங்க, அவரும் பரீட்சை பாஸ் பண்ணித்தானுங்களே வந்தாரு?” என்றாள். உனக்கென்ன தெரியும், ரசத்தை ஊத்து என்றேன்.

வழக்கு வந்ததும் அவருடைய ஆணையில் ‘தற்காலிகம், தீர்ப்புக்கு உட்பட்டது’ என்ற வரி ஏறிக்கொண்டது. சூப்பிரண்டுகள் நாற்காலி முதுகில் போட்டுக்கொள்ளும் வெள்ளைத் துண்டை அவர் போடவில்லை. மடித்து டிராயரில் வைத்திருந்தார். தினமும் பதினொரு மணிக்கு மேலிடத்துத் தபால் பிரிப்பார்கள். அந்த நேரம் அவர் பேனா எழுதாமல் நின்றுவிடும். என் பேனாவும் நிற்கும். அவர் வரக்கூடாது என்று வேண்டியதும், நான் வரவேண்டும் என்று வேண்டியதும் அவரை இறக்கும் அந்த ஒரே கடிதம்தான்.

அப்படியொரு நாள் மத்தியான இடைவேளையில் இந்தப் புரூஃபோடு என் மேசைக்கு வந்தார்.

“கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முந்தி நம்ம கேசு வாய்தாங்க. சூப்பிரண்டுன்னு அச்சடிச்சுபோட்டு, அன்னைக்கே எறக்கியுட்டுட்டாங்கன்னா, பொய் சொல்லிப் பொண்ணக் குடுத்தான்னு சம்பந்தி ஊட்டுல பேசிப்போடுவாங்க. உங்க வக்கீலு என்ன சொல்றாருன்னு உங்களுக்குத்தானுங்க தெரியும். போடலாமுங்களா, வேண்டாமுங்களா?”

‘நம்ம கேசு’ என்றார். தன்மேல் வழக்குப் போட்டவனிடமே வந்து நிற்கிறார் மனிதர். எங்கள் வக்கீல் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார், நம்ம பக்கம் பலம் இல்லை, டெல்லியில் சட்டத்தையே திருத்தப் போகிறார்கள், அவரை இறக்குவது நடக்காத காரியம் என்று. ‘தைரியமாப் போடுங்க’ என்ற இரண்டு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் தோற்றுவிட்டேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. “எதுக்குங்க வம்பு?” என்று சொல்லி, அந்தச் சொல்லை அடித்து, ‘ஊழியர்’ என்று பக்கத்தில் எழுதினேன். “சரிங்க” என்று திருத்தத்தை இன்னொரு தாளில் எழுதிக்கொண்டு உக்கடத்து அச்சகத்துக்குக் கிளம்பினார். இந்தப் புரூஃப் தாள் என் மேசையிலேயே கிடந்தது.

வாய்தா தள்ளிப்போனது. கல்யாணத்தில், பந்தியில் எனக்கு எதிரே மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்தியூர்க்காரர், கனத்த குரல். “சூப்பிரண்டுன்னு சொன்னீங்க. பத்திரிகைல வெறும் ஊழியர்னு போட்டிருக்குதுங்களே?” என்று, பந்தியைக் கவனித்து நின்ற பெண்ணின் தகப்பனாரிடம் கேட்டார். இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது. அவரும் பார்த்தார், என்னை. இவர் எங்கள் சூப்பிரண்டுதானுங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இலையில் இருந்த ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். “எல்லாம் ஒண்ணுதானுங்க. இன்னும் கொஞ்சம் சோறு வெக்கச் சொல்லட்டுங்களா?” என்றார் அவர்.

சில மாதங்களில் சட்டம் திருத்தப்பட்டது, எங்கள் வழக்கு விழுந்தது, அவருக்கு நிரந்தர ஆணை வந்தது. டிராயரிலிருந்த துண்டு நாற்காலிக்கு ஏறியது. அன்றைக்குத்தான் அவரை முதன்முதலாக ‘சார்’ என்றேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபைலை வாங்கிக்கொண்டார். கல்யாணம் முடிந்திருந்தது, இனி எந்தப் பத்திரிகையில் அந்த வரியைச் சேர்ப்பது?

எனக்கும் பிறகு அந்த நாற்காலி வந்தது. போன வாரம் அச்சகத்துக்காரர், “பேருக்குக் கீழ என்னங்க போடறது?” என்று கேட்டு முடிக்குமுன்னே, ‘கண்காணிப்பாளர், ஓய்வு’ என்று சொல்லிவிட்டேன். யோசிக்க எனக்கு என்ன இருந்தது?

பத்திரிகைக் கட்டு வீடு வந்ததும் முதல் உறையை எடுத்து அவர் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, நான் அடித்த அந்தச் சொல்லையும் எழுதினேன். ஐந்து நாளாக அது மேசைமேல் கிடக்கிறது, பக்கத்திலேயே புரூஃப் தாளும். “ஏனுங்க, அவரு ஊட்டுக்கு எப்பப் போறீங்க?” என்று மனைவி தினமும் கேட்கிறாள்.

நாளைக்கு என்கிறேன்.