73939133-ஐ வகுத்தவள்

ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரியில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், நெரிடா போல்கார்டும் நானும் பதினோரு வருடம் ஒரே மேசையில் விரிப்பு மடித்தோம். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். உனக்கு எதற்கு இது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அதைச் செய்து முடிக்காமல் ஓயமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை, அடிலெய்டிலிருந்து வந்திருந்த ஹாலோரன் என்ற கணக்குப் பேராசிரியர் எங்கள் ஊர் நூலகத்தில் பேசினார். பலகையில் 73939133 என்று எழுதினார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் அது. கடைசி இலக்கத்தை அழித்தார். மிஞ்சிய 7393913-உம் பகா எண்தான். வெறும் 7 நிற்கும்வரை ஒவ்வொன்றாக அழித்தார். எல்லாமே பகா எண்கள். இந்தக் குணமுள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது என்றார்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நெரிடா எழுந்து கேட்டாள்.

"கம்ப்யூட்டர் பார்த்துச் சொன்னதும்மா. நீங்க நம்பினா போதும்."

"நம்புறதுக்கு நான் இங்க வரலை," என்றாள்.

திங்கட்கிழமை நோட்டோடு வேலைக்கு வந்தாள். அவர் எழுதிய எண்கள் ஒவ்வொன்றும் பகா எண்தானா என்று கையாலேயே வகுத்துப் பார்த்தாள், கால்குலேட்டரைத் தொடவில்லை. சின்ன எண்களை இரண்டு மாதத்தில் முடித்துவிட்டாள். எட்டு இலக்க எண்ணுக்குத்தான் பாடு. எட்டாயிரத்து அறுநூறை அதனாலேயே பெருக்கினால் அந்த எண்ணைத் தாண்டிவிடும் என்பதால், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், ஆயிரத்துக்கும் மேல். யார் வகுத்தாலும் அதே விடைதானே வரப்போகிறது என்று மேற்பார்வையாளர் ட்ரெவர் சீண்டினார்.

"அப்ப துணியையும் மெஷினே மடிக்கட்டும். நீ வீட்டுக்குப் போ ட்ரெவர்."

அறுநூறு வகுத்தல்கள் முடிந்த சமயம், தேநீர் குடித்தபடி அவள் நோட்டைப் புரட்டினேன். இரண்டாம் நோட்டிலிருந்து எண்ணே மாறிப்போயிருந்தது: 73939113. நான்கு மாத உழைப்பு வீண். சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புது நோட்டின் முதல் பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஒவ்வொரு இலக்கமா வாய்விட்டு வாசி."

வாசித்தேன். மறுபடி தொடங்கினாள்.

அடுத்த வருடம் ஹாலோரன் மறுபடி நூலகத்தில் பேச வந்தபோது ஏழு நோட்டுகளை அவர்முன் வைத்தாள். அவர் வெகுநேரம் புரட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"4621-ஆல வகுத்தது இல்லையே. ஒண்ணு விட்டாலும் இது நிரூபணம் ஆகாது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நெரிடா நேரே பலகைக்குப் போனாள். 4621-ஐப் பதினாறாயிரத்தால் பெருக்கினால் 73936000. அதைக் கழித்தாள். மீதி 3133.

"வகுபடலை. வேற என்ன விட்டிருக்கேன்னு பாருங்க."

நூலகம் மூடும்வரை பார்த்தார். வேறு எதுவும் விடுபடவில்லை. மாணவர்களுக்குக் காட்ட நோட்டுகளைத் தர முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

"அவங்களையே வகுக்கச் சொல்லுங்க," என்று சொல்லி, நோட்டுகளைப் பையில் அடுக்கினாள்.

இதைவிடப் பெரியது கிடையாது என்று அவர் சொன்னதை அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது அதைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறாள்.