சூடான சோறு

பூச்சோங்கில், மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பகலில் நான் பார்த்துக்கொள்ளும் என் வீட்டுக்கு, பேச்சு வராத தன் மகனை ஒருநாள் விட்டுப்போக வந்த தாய், அவனுக்குக் குழைத்த சோற்று டப்பாவைத் திறந்து காட்டினாள். ரசம் மணந்தது.

என் சிறுவயதில், கிள்ளானில், நடக்க முடியாத என் தம்பிக்கு அம்மா அப்படித்தான் குழைத்து ஊட்டுவார். பக்கத்து வீட்டு மேரி ஆன்டி சனிக்கிழமைதோறும் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவார். அவனுடைய சக்கர நாற்காலி நுழையவில்லை என்று அறைக் கதவையே கழற்றிவைத்த மனுஷி!

முதல் சனிக்கிழமை, அவன் இல்லாததை மறந்து அம்மா சோற்றைக் குழைத்துவிட்டார். சற்றுத் திகைத்து, பிறகு தானே உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சூடாகச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

"எத்தனை மணிக்கு வரணும், அக்கா?" அந்தத் தாய் வாசலைவிட்டு நகரவில்லை.

"மொதல்ல போய்ச் சூடா சாப்பிடுங்க. தூங்குங்க. அப்புறம் வாங்க லா."