காலியாகப் போன பஸ்

“அரசாங்கம்னா என்னா? அது ஒரு கம்பெனி. கம்பெனி மாதிரி நடத்துனா உருப்படும், சத்திரம் மாதிரி நடத்துனா நாறும்.” எங்கள் முதலாளி ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இதைச் சொல்லாமல் விடமாட்டார். விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கேரியர், அதாவது கரண்டுப் பெட்டியில் ஃபியூஸ் கம்பி மாட்டுகிற கட்டை, செய்கிற சின்னக் கம்பெனி அவருடையது. ஷெட்டு அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. சரக்கை வாங்குவதும் பெரும்பாலும் அரசாங்கம்தான். ஆனால் வாயைத் திறந்தால் அரசாங்கத்துக்கே புத்தி சொல்வார். சே, என்ன ஜென்மமோ!

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நான் அங்கே ஆபீஸ் வேலை பார்த்தேன், இருபத்திரண்டு வயது. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து காலையில் அரசு பஸ்ஸில் வருவேன். எங்கள் கம்பெனிப் பெண்கள் பதினான்கு பேரும் அதே பஸ்தான். ராத்திரி அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சை மண் கட்டைகளில் ஈரம் காயும் முன்னே பிசிறு சீவி, ஈரத் துணியால் துடைப்பது அவர்கள் வேலை. அதில் ஒரு அக்காவின் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். அந்த வூட்டில் அடுப்பெரிவது அவள் கூலியில்தான். தினமும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். “படிச்ச பொண்ணு நின்னுகிட்டு வரலாமா, உக்காரும்மா” என்பாள்.

முதலாளி விடியற்காலையில் ரோட்டில் வாக்கிங் போவார். அப்போது அந்த பஸ் டவுனிலிருந்து கிளம்பிப் போகும். உள்ளே டிரைவர், கண்டக்டர், யாரோ ஒரு கூடைக்காரம்மா. அவ்வளவுதான். “ஏம்மா, காத்து வாங்கிகிட்டு போவுது பஸ்ஸு! என் வண்டி இப்படிக் காலியா போனா நான் வுடுவேனா?” என்று வந்து குதிப்பார். அது அவருடைய ஆட்களை ஏற்றிவரத்தான் போகிறது என்பது அந்த மூளைக்கு எட்டவேயில்லை. திரும்பி வரும்போது எங்கள் பக்கத்து ஜனம் படிவரை தொங்கிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் நம்ம முதலாளித் துரை தன் வீட்டில் இட்லி தின்றுகொண்டிருப்பார்.

ஒரு தடவை சின்னக் கம்பெனிக்காரர்கள் கூட்டத்துக்குப் போக்குவரத்து அதிகாரி ஒருவர் வந்தார். முதலாளி பேச வேண்டும். பேச்சை எழுதிக் கொடுத்தது நான். காலி பஸ் கதையைச் சேர்க்கச் சொன்னார். எந்த ரூட், எத்தனை மணி என்பதுவரை போட்டு, கைதட்டல் விழுகிற மாதிரி எழுதினேன். “ஐயா, அது நம்ம பொம்பளைங்க வர்ற பஸ்ஸு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவர் பேசியா பஸ் நிற்கப்போகிறது என்ற அலட்சியம். நல்லா எழுதினே என்பார் என்ற நப்பாசை வேறு. கை தட்டினார்கள். அடுத்த மாதம் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தால் பத்து மணிக்கு மேலாகிவிடும். அதற்குள் பச்சைக் கட்டைகள் காய்ந்து இறுகி, சீவினால் விளிம்பு பெயர்ந்து வந்தது. முதலாளி ஷெட்டு நடுவில் நின்று கத்தினார்: “ஏழை ஜனங்களப் பத்திக் கவல இருக்குதா இந்த கவர்மெண்ட்டுக்கு? லாபம் வந்தாத்தான் பஸ்ஸு வுடுவானா?” அதே வாய்! வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. அந்த பஸ் நட்டத்தில் ஓடியதால்தான் இவர் பிழைப்பே ஓடியது என்று அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

பிறகு மானியத்தோடு கடன் வாங்கி ஒரு வேன் எடுத்தார். ஆமாம், அரசாங்க மானியம்தான். வேனில் வர பெண்கள் வாரா வாரம் திங்கட்கிழமை முன்கூட்டியே வாடகை கட்ட வேண்டும். கட்டாதவர்களை ஏற்றக் கூடாது. பத்து மணிக்கு வருகிறவர்களுக்கு வேலையும் கிடையாது. “கம்பெனி வேற, தர்மம் வேறம்மா” என்றார். ஆள் பார்த்து ஏற்றுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எனக்கு வாடகை இல்லை, முன் சீட்டு வேறு. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அவரைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்ட வேண்டும்.

முதல் திங்கட்கிழமை அக்கா சோற்றுத் தூக்கோடு ஸ்டாப்பில் நின்றாள். “சனிக்கெழம கூலி அவரு மருந்துக்கே போயிடுச்சிம்மா. இந்த வாரக் கூலியில சேத்துப் புடிச்சிக்கச் சொல்லு, கண்ணு” என்றாள். வேனில் மூன்று இடம் காலியாக இருந்தது. டிரைவர், “ஏறட்டுமா?” என்று என்னைப் பார்த்தார். ஏற்றியிருந்தால் முதலாளிக்குத் தெரிந்திருக்கப்போவதுமில்லை. நான் சரி என்றுதான் சொல்வேன் என்று நினைத்து, அக்கா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

“கால எடுங்கக்கா, நேரமாவுது” என்றேன்.