அண்ணரின் கை ஆடவில்லை

இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் அண்ணரைப் பற்றி மூன்று பாட்டுகள் அச்சாகியிருக்கின்றன. ஒன்றில் அவர் கருணைக் கடல். மற்றதில் கலைக் குன்று. இந்த இரண்டையும் எழுதியவர்கள் அண்ணர் உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் படலையைத் திறந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்தவர்கள் அல்லர். மூன்றாவது பாட்டு அவருடைய கையை ‘நடுங்காத கரம்’ என்கிறது. அது மட்டும் உண்மை. அதை எழுதியவர் எங்கள் தங்கச்சியின் கணவர். அது உண்மையென்று அவருக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் நான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எழுத்துக் கொஞ்சம். எட்டு நாளாக எழுதினேன். பக்கத்து வளவு வாத்தியார் பிழை திருத்தித் தந்தார். எழுத்தைத் திருத்துங்கோ, கதையைத் திருத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அண்ணர் பிறந்தது பண்டத்தரிப்பில், நான் இப்போதும் இருக்கிற இதே வளவில். ஐயா புகையிலைத் தோட்டக்காரர். அண்ணர், நான், தங்கச்சி என்று நாங்கள் மூன்று பேர். ஐயா கண்ணை மூடியபோது அண்ணருக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். ஊர்ப் பிள்ளைகள் அங்கே கந்தோர்களில் கிளாக்கராக இருக்க, அண்ணர் ஈப்போவில் ஒரு யப்பான்காரரின் படப்பிடிப்புக் கடையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் யப்பான்காரர் என்றால் கமராக்காரர்தான். குண்டு போட்டதெல்லாம் பிறகு. அங்கிருந்து அண்ணர் அனுப்பிய காசில்தான் எனக்கும் தங்கச்சிக்கும் சீதனம் கொடுத்துக் கலியாணம் நடந்தது. தான் செய்துகொள்ளவில்லை.

இறப்பர் விலை விழுந்து அந்தக் கடை மூடப்பட்டபோது திரும்பி வந்தார். நானும் அந்த வருடந்தான் வெள்ளைச் சீலையோடு இந்த வளவுக்கு வந்து சேர்ந்திருந்தேன். மலாயாவிலிருந்து வந்த மற்றவர்கள் பென்சனும் பவுணுமாக இறங்கினார்கள். அண்ணர் கொண்டு வந்தது வெல்வெட்டு விரித்த ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் பேனை அளவில் ஒரு குழாய். அதற்கு ஏயர்பிரஷ் என்று பெயர். மையைக் காற்றோடு சேர்த்துப் புகை மாதிரித் தூவும். பெரிதாக்கிய படங்களில் முகத்தின் நிழலைச் சீராக்கவும், பின்னால் நிற்கிற வேலியையும் ஆட்டையும் மறைக்கவும் அது வேண்டும்.

ஊர் சிரித்தது. “மலாயாவுக்குப் போய் அடுப்பூதப் படிச்சுக்கொண்டு வந்திருக்கிறார்” என்று ஒருவர் சந்தையில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவர் இப்போது இல்லை. அவருடைய வீட்டுச் சுவரில் தொங்குகிற அவருடைய படம் யார் கையால் ஆனது என்று அவருடைய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஊதுகிற வேலை என்று நினைத்தவர்களுக்காகச் சொல்கிறேன். காற்றுக்கு ஒரு பழைய லொறிச் சில்லு, ரயரும் ரியூப்புமாக வைத்திருந்தோம். காலால் மிதிக்கிற பம்பினால் அதற்குக் காற்றடிப்பது என் வேலை. சில்லிலிருந்து ஒரு இறப்பர்க் குழாய் அண்ணரின் கைக்குப் போகும். காற்றோடு வருகிற ஈரம் தங்குவதற்கு நடுவில் ஒரு போத்தல். குழாயின் முதுகில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமத்தினால் காற்று வரும். பின்னுக்கு இழுத்தால் மை வரும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு மை. கை முதலில் ஓட வேண்டும், மை பிறகு வர வேண்டும். நிற்கும்போது மை முதலில் நிற்க வேண்டும், காற்றும் கையும் பிறகு. இது பிழைத்தால் ஒரு சொட்டு, படம் போச்சு. அண்ணர் ஒரு கன்னத்தின் நிழலை இருபது தரம் தூவுவார். ஒவ்வொரு தரமும் தூவியதே தெரியாது. இருபதாவது தரம் பார்த்தால் செத்தவர் கதைக்கப் போகிறவர் மாதிரி இருப்பார்.

அதைவிட அதைப் பராமரிப்பது பெரிய வேலை. குழாயின் உள்ளே நீளத்துக்கு ஒரு ஊசி, மயிரை விட மெல்லிய முனை. முன்னால் ஒரு சின்ன மூக்கு. ஊசி முனை அந்த மூக்குக்குள் இருந்து மையை அளந்து விடும். மை கொஞ்சம் காய்ந்தாலும் துப்பத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு மைக்கும் பிறகு கழுவித் துணியில் ஊதி, துணி வெள்ளையாக வரும்வரை விட வேண்டும். பின்னேரம் வேலை முடிந்ததும் ஊசியைப் பின்பக்கமாக உருவி, முனையை நோக்கித் துடைக்க வேண்டும், எதிர்ப்பக்கம் துடைத்தால் வளையும். மூக்குக்குள் குண்டூசி விடவே கூடாது. அணில் வால் மயிரில் நான் கட்டி வைத்த ஒரு சின்னத் தும்புதான் உள்ளே போகும்.

தண்ணீர் மழைத் தண்ணீர். மாரியில் முற்றத்தில் வேட்டியை நாலு மூலையும் இழுத்துக் கட்டி, மழையைப் பிடித்து வடித்துப் போத்தல்களில் நிரப்பி வைப்போம், அடுத்த மாரிவரை அதுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்துக் கேத்திலுக்குள் எப்படி வெள்ளையாகப் படிகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சுண்ணாம்பு மூக்கின் ஓட்டையில் படிந்தால் அவ்வளவுதான். இது தெரியாத சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஏன், கிணறு வத்திப் போச்சோ?” என்று கேட்கும். அண்ணர் போத்தலை மூடி வைப்பார். கேத்திலைக்கூடக் கவனிக்காத ஆக்களுக்கு என்ன பதில் சொல்வது.

பட்டணத்தில் ஒரு ஸ்ரூடியோக்காரர் பெரிதாக்கிய படங்களை அண்ணருக்கு அனுப்பி வேலை முடிப்பித்தார். ஐந்து வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஊர்த் தலைமைக்காரராக இருந்த எங்கள் பழைய விதானையார் காலமானார். அவருடைய படம் என்று ஒன்றும் இருக்கவில்லை. எங்கோ கூட்டத்தோடு நின்று எடுத்த படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, ஸ்ரூடியோவில் பெரிதாக்கி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஐந்து நாள் இருக்க அண்ணரிடம் தந்தார்கள். இன்னொன்று பெரிதாக்க நாள் இல்லை. இருந்தது அந்த ஒன்றுதான்.

மறுநாள் ஆடி அமாவாசை. ஐயாவுக்குத் தர்ப்பணம் செய்ய அண்ணர் விடியவே கீரிமலைக்குப் போய்விட்டார். தங்கச்சியின் கணவர் வந்தார். அவர் கார் வைத்திருந்தவர். எந்தச் சீதனத்தில் வாங்கிய கார் என்று முன்னமே எழுதிவிட்டேன்.

“மச்சாள், மச்சான்ரை அந்தக் குழலை ஒருக்காத் தாங்கோ. காரின்ரை மட்காட்டிலை ஒரு கீறல். நாளைக்கு அரசாங்கக் கச்சேரிப் பெரியவர் ஒராள் என்ரை காரிலை வாறார்” என்றார்.

அண்ணர் ஏசுவார் என்றேன். அவர் வர முந்தித் தந்துவிடுவேன், பத்து நிமிட வேலை, காற்று கார்ச் சில்லிலேயே இருக்கிறது என்றார். நான் பெட்டியோடு எடுத்துக் கொடுத்தேன். இதைப் பதினான்கு வருடமாக அண்ணரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. கொடுத்தவள் நான். கார்க்காரர் வந்து கேட்கும்போது இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைப் பற்றி நான் நினைப்பதை இங்கே எழுதினால் வாத்தியார் திருத்த வேண்டி வரும்.

மத்தியானம் கொண்டு வந்து தந்தார். “கழுவித்தான் தந்திருக்கிறன், மச்சாள். கிணத்துத் தண்ணி நாலு வாளி ஊத்தினனான்” என்றார், ஏதோ தானம் செய்தவர் மாதிரி. நாள்தோறும் அதைக் கழுவுகிறவள் நான். திறந்து பார்த்திருக்க வேண்டும். திறந்தால் அண்ணரிடம் சொல்ல வேண்டி வரும் என்று திறக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் காலமை விதானையாரின் மூத்த மகன் இன்னொருவரோடு வேலை எப்படிப் போகிறதென்று பார்க்க வந்தார். அண்ணர் எப்போதும் போல முதலில் வெறும் கடதாசியில் தூவிப் பார்த்தார். சரியாக வந்தது. படத்துக்குப் போய் நெற்றியின் ஓரத்தில் நிழல் போடத் தொடங்கினார். நான் சில்லுக்குப் பக்கத்தில் மிதித்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தம் கேட்டது, கொப்பளித்துத் துப்புவது போல. விதானையாரின் நெற்றி நடுவில் மிளகு அளவில் ஒரு கறுப்புப் பொட்டு.

மகன் குனிந்து பார்த்தார். பிறகு கூட வந்தவரிடம், அண்ணர் காது கேட்கவே, “கை ஆடுது. காலமையே ஏத்தியாச்சுப் போலை” என்றார்.

அண்ணர் வாழ்நாளில் கள்ளுக் குடிக்கிற ஓலைப் பிளாவைக் கையால் தொட்டவர் அல்லர். படம் அந்தியேட்டிக்கு வரும் என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பினார். பிறகு குழாயைக் கழற்றினார். ஊசி முனை தூண்டில் மாதிரி வளைந்திருந்தது. மூக்குக்குள் காருக்குப் பூசுகிற பெயின்ற் காய்ந்து பிடித்திருந்தது. அதன் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு. குண்டூசி விட்டுக் குத்திய கீறலும் தெரிந்தது. தன் மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். மண்ணெண்ணெய். என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விதானையார் வீட்டுக்கு இப்பவே போய்ச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

“உந்தக் கதை உன்ரை வாயோடை நிக்கட்டும், பிள்ளை” என்றார். “தங்கச்சி அந்த வீட்டிலை இருக்கிறாள்.”

தங்கச்சி அந்த வீட்டில் எப்படி இருந்தாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு சொல்லுக்கு ஒரு மாதம் முகம் கொடுக்காத மனிசன். நான் வாயை மூடினேன். தங்கச்சிக்காக மூடினேன் என்று சொல்லலாம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மூன்று நாள் அண்ணர் அந்தக் குழாயோடு இருந்தார். மூக்கைக் கற்பூரத் தைலத்தில் ஊற வைத்துப் பெயின்ரை எடுத்தார். தேசிக்காய் பிழிந்த புளியில் ஊற வைத்துச் சுண்ணாம்பை எடுத்தார். ஊசியைக் கண்ணாடித் துண்டொன்றில் வைத்து, விரல் நுனியால் உருட்டி உருட்டி நிமிர்த்தினார். படத்தில் விழுந்த பொட்டைச் சின்னக் கத்தியால் சுரண்டினார். மறு மிச்சமிருந்தது. கடதாசியில் மூன்று கோடு வெட்டி நெற்றியில் வைத்து வெள்ளை தூவினார். கடதாசியை எடுத்தபோது விதானையாரின் நெற்றி நிறைய விபூதி. மறு இருந்த இடத்தில் வட்டமாகச் சந்தனப் பொட்டு.

விதானையார் வழக்குக்காகக் கோட்டுக்குப் போகிற நாளில் தவிர விபூதி பூசியவர் அல்லர். ஆனால் அந்தியேட்டி வீட்டில் படத்தைப் பார்த்த பெண்டுகள், ஐயா எப்படிச் சிவப்பழமாக இருந்தவர் என்று அழுதார்கள். மூத்த மகனும் அழுதார். அழுது முடித்து, வந்தவர்களுக்கெல்லாம் அண்ணரின் கை ஆடுகிற கதையைச் சொன்னார். தங்கச்சியின் கணவர் அங்கேதான் கதிரை போட்டு இருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு ஸ்ரூடியோவிலிருந்து படம் வரவில்லை. நெற்றியில் விபூதி வைத்த படம் என்றால் எல்லாருக்கும் ஆசை வந்தது. வேறு ஒருவரிடம் போனார்கள். அவர் பூசுகிற விபூதியை நான் பார்த்திருக்கிறேன். மதிலுக்கு வெள்ளையடித்த மாதிரி இருக்கும். அண்ணர் பெயர்ப் பலகை எழுதினார். வண்டிகளுக்கு இலக்கம் எழுதினார். அதையெல்லாம் சாதாரண பிரஷால் செய்தார். ஏயர்பிரஷை மட்டும் வேலை இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமைதோறும் மழைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, பொத்தானுக்கு ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விட்டு வைத்தார்.

யப்பான்காரர் குண்டு போட்ட அந்த யுத்தக் காலத்தில் கார் விளக்குகளைப் பாதி கறுப்பாக்கச் சொல்லிச் சட்டம் வந்தது. தங்கச்சியின் கணவர் காரைக் கொண்டு வந்து எங்கள் படலையில் விட்டார். அண்ணர் தும்புப் பிரஷை எடுத்துக்கொண்டு போனார். கார்க்காரர், அந்தக் குழலால் அடித்தால் வடிவாக இருக்குமே என்றார்.

அண்ணர் விளக்கைப் பூசி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “அது முகத்துக்கு, மச்சான். மட்காட்டுக்கு இல்லை.”

பதினான்கு வருடத்தில் அதைப் பற்றி அவரிடம் அண்ணர் சொன்னது அந்த ஒன்றுதான். மற்றவர் காரில் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்குத் தெரியும், அண்ணருக்குத் தெரியும் என்று. அதன் பிறகும் ஊரில் ஒருவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. இப்போது பாட்டு எழுதுகிறார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் தங்கச்சி போய்விட்டாள். அவளுடைய எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த அன்று, இனிச் சொல்லட்டோ அண்ணை என்று கேட்டேன். அப்போது அவருக்கு நோய் தொடங்கியிருந்தது. தேத்தண்ணிக் குவளையை நீட்டிக் காட்டினார். தேத்தண்ணி தளும்பி என் சீலையில் விழுந்தது.

“இப்ப உண்மையா ஆடுதெல்லோ. இப்பச் சொன்னால் ஆர் நம்புவினம்? நான் இருக்குமட்டும் விடு, பிள்ளை” என்று சொல்லிச் சிரித்தார். நான் விட்டேன். இப்போது அண்ணர் இல்லை.

கடைசி மூன்று மாதமும் படுக்கையில் இருந்தார். வலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மார்கழி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலமையில், போத்தல் வைத்தாயோ என்று கேட்டார். வைத்தேன் என்றேன். பிறகு கதைக்கவில்லை.

இந்த மலரில் இருக்கிற அண்ணரின் படத்தில் எவரும் கை வைக்கவில்லை. பின்னால் தெரிகிற லொறிச் சில்லை அழித்துத் தரவா என்று அச்சகத்தார் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

நோயில் உதவிய வைத்தியர் ஐயாவுக்கும், இரவு பகல் பாராமல் வந்த அயலவர்களுக்கும், பாடை கட்டியவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், வாத்தியாருக்கும் எங்கள் நன்றி. விதானையாரின் மூத்த மகன் செத்த வீட்டுக்கு வந்து மாலை போட்டார். அவருக்கும் நன்றி. இந்த மலரில் ஒன்றை அவருடைய கையிலேயே நான் கொடுப்பேன். பாட்டு எழுதிய தங்கச்சியின் கணவருக்கும் நன்றி. அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு அவருக்கும் இலை போடுவேன். வந்து இருந்து சாப்பிடட்டும்.

ஏயர்பிரஷ் என்னிடம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கழுவினேன். ஊசி நேராக இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம். தொடக் கூடாது.